கூடவும் கூடாது, குறையவும் கூடாது

தொட்டியில் ஐந்து நத்தைகள்தான் இருந்தன.

சலவைக்கூட சூப்பர்வைசர் இன்னொரு முறை எண்ணினார். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு, கூழாங்கல் மேல் இரண்டு, வடிகட்டிக் குழாயில் ஒன்று. இடப்பக்கமிருந்து எண்ணியதை வலப்பக்கமிருந்தும் எண்ணிப் பார்த்தார். நத்தைகள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அப்போதும் ஐந்துதான்.

நேற்று காலை ஆறு இருந்தன. நேற்று காலைதான் மனைவி பத்து நாள் பயிற்சி வகுப்புக்காக வெளியூர் கிளம்பினாள். கிளம்பும்போது கணவரையும் தன் அப்பாவையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நான் திரும்பி வர்றப்போ ரெண்டு மீனும் ஆறு நத்தையும் இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"சரிம்மா" என்றார் அப்பா.

"சரி" என்றார் கணவர்.

அவள் தெருமுனை திரும்பியதும் சூப்பர்வைசருக்கு ஓர் உற்சாகம் பிறந்தது. பொறுப்பு கொடுக்கப்பட்ட ஆண்களுக்கு வழக்கமாக வருகிற உற்சாகம்தான். விடுமுறை நாள் வேறு. தொட்டித் தண்ணீரை முழுவதுமாக இறைத்துக் கொட்டினார். கூழாங்கற்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். வடிகட்டியிலிருந்த பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. அதைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து, மருத்துவமனைப் படுக்கை விரிப்பின் வெண்மைக்குக் கொண்டுவந்தார். பத்தொன்பது வருடமாக அழுக்கை ஒரு பகையாகவே பார்த்துப் பழகியவர். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பியபோது தொட்டி பளபளவென்றிருந்தது. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொண்டு அவரையே பார்த்தன.

மறுநாள் விடிந்தால் ஐந்து.

தொட்டி மாமனாருடையது. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் அளவுச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவருக்கு, அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து கொடுத்த பரிசு. பெரிய தங்கமீனுக்கு 'மேலாளர்' என்றும் சின்னதற்குக் 'குமாஸ்தா' என்றும் அவர் பெயர் வைத்திருந்தார். மேலாளர் நாள் முழுவதும் வாயைத் திறந்து திறந்து மூடும், குமாஸ்தா பின்னாலேயே போகும். நத்தைகளுக்குப் பெயர் கிடையாது. கட்டைவிரல் நகம் அளவில் எல்லாம் ஒரே அச்சு.

மனைவியை இழந்தபின் தனியாகவே இருந்த மனிதரை இங்கே வரச் சம்மதிக்கவைக்க மகளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சூட்கேஸும் தொட்டியுமாக வந்து இறங்கினார். அன்றைக்கே மகள் நத்தைக்கு வரம்பு போட்டுவிட்டாள். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பறைத் தொட்டியில் நத்தை பெருகி, கடைசியில் ஒன்று வாய் கொப்பளிக்கும் கோப்பை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்த நோயாளி பல்லைப் பிடுங்காமலே எழுந்து ஓடிவிட்டார்.

கணவரிடம் தனியாகவும் ஒன்று சொல்லியிருந்தாள். "அப்பா இங்க ஒட்டிக்கிட்டாருன்னா எனக்கு வேற எதுவும் வேணாங்க. அவர் இன்னும் சூட்கேஸ்லேருந்துதான் சட்டை எடுத்துப் போட்டுக்கறாரு, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தார். போன மாதம் அந்தச் சட்டைகள் அலமாரிக்கு இடம் மாறியதையும் கவனித்தார். அவருக்கு மாமனாரைப் பிடித்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் இதுவரை நடந்த பேச்சு, "சாப்ட்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ள, நீங்க?" என்பதைத் தாண்டியதில்லை. இப்போது அந்த மனிதரின் நத்தையில் ஒன்றைக் கொன்றாகிவிட்டது.

மாமனார் ஏழேகாலுக்குக் குளிக்கப் போனால் வெளியே வர முக்கால் மணி ஆகும். சூப்பர்வைசர் சட்டையை மாட்டிக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினார்.

கடையை நடத்துகிற பெண்மணி வரிசையாக இருந்த தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுத் தண்ணியையுமா மாத்தினீங்க?"

"ஆமா."

"குழாய்த் தண்ணிய அப்பிடியே ஊத்தினீங்களா?"

"ஆமா."

"பஞ்ச?"

"நல்லா கசக்கித் தொவச்சேன்." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"கெட்டுது போங்க. அந்தப் பஞ்சுலதான் சார் நல்ல கிருமியெல்லாம் குடியிருக்கு. மீனோட கழிவ அதுதான் சுத்தம் பண்ணும். இனிமே கால்வாசித் தண்ணிக்கு மேல மாத்தாதீங்க. அதையும் ஒரு நாள் முன்னாடியே பிடிச்சு வெச்சுடுங்க, மருந்து வாடை போகட்டும். பஞ்ச தொட்டித் தண்ணியிலயே லேசா அலசுங்க, போதும்."

"சரி. ஒரு நத்தை குடுங்க. கட்டைவிரல் நகம் சைஸ்ல."

"செத்துப்போனதோட ஓடு எங்க?"

"ஓடு... இல்லையே."

"மீன் சதையத் தின்னாலும் ஓடு மிஞ்சணுமே சார்."

"ஓட்டையும் சேத்துத் தின்னுடுச்சு போல" என்றார் சூப்பர்வைசர். மேலாளரின் வாயைப் பார்த்தவர்கள் அதை நம்பத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, நத்தைப் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டார். இரண்டு தண்ணீரின் சூடும் சமமானதும் நத்தையை மெல்ல உள்ளே இறக்கினார். ஆறு. சலவைக்கூடத்துக்குக் கிளம்பும்போது சீட்டியடிக்கக்கூடத் தோன்றியது.

இரவு எட்டு மணிக்குத் திரும்பியபோது மாமனாரும் அப்போதுதான் எங்கோ போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு நடை போய்ட்டு வந்தேன்" என்றார் கேட்காமலே. சட்டைப்பை நனைந்திருந்தது.

"மழையா மாமா?"

"இல்ல. வேர்வை." பையைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். "ஏன் மாப்பிள்ள, நேத்து அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்க?"

"மாத்தினேன் மாமா. முழுசா."

"ம்." பெருமூச்சு விட்டார். "வேலையக் காட்டிடுச்சு."

சூப்பர்வைசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதர் கண்டுபிடித்துவிட்டார். எல்லாம் தெரிந்துகொண்டு பெரிய மனதோடு சும்மா இருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் நான்கு இருந்தன.

இங்கே சூப்பர்வைசரின் எண்ணும் முறையைச் சொல்லியாக வேண்டும். சலவைக்கூடத்தில் அவர் எப்போதும் காலையில்தான் எண்ணுவார், அதுவும் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு. சாயங்காலம் எண்ணுவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சோர்ந்த கண் இருக்கிறதை விட்டுவிடும், இல்லாததைச் சேர்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. ஒரு சாயங்காலம் அப்படி எண்ணித்தான் நாற்பது தலையணை உறைகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயின என்றே தெரியாமல் போய்விட்டன. அன்றிலிருந்து காலை எண்ணிக்கைதான் வேதவாக்கு. நத்தைகளையும் காலையில், கூடத்து விளக்கை எரியவிட்டு, டார்ச் அடித்து எண்ணினார்.

கடைப் பெண்மணியிடம் போய் இரண்டு கேட்டார்.

"ஓடு எங்க சார்?"

"இல்ல."

"தங்கமீன் நத்தையோட மீசையக் கடிச்சு வைக்கும். சும்மா இருக்க விடாது. பானை ஓடு, கல்லு, இந்த மாதிரி ஏதாவது போட்டு ஒளிஞ்சிக்க எடம் பண்ணிக் குடுங்க."

அன்றே பண்ணிக்கொடுத்தார். ஓர் உடைந்த பூந்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாலைந்து தட்டைக் கற்களை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து இடுக்குகள் உண்டாக்கினார். கடையில் விற்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் கோட்டையையும் இறக்கினார். மூன்று வாசலும் ஏழு ஜன்னலும் உள்ள கோட்டை அது.

மாமனார் இரவு குனிந்து அதைப் பார்த்தார்.

"வசதியெல்லாம் பலமா பண்ணிக் குடுத்திருக்கீங்க."

"பாதுகாப்பா இருக்கட்டும்னுதான் மாமா."

"அது சரி." தொண்டையைச் செருமினார். "இவ்ளோ பண்ணணுமா மாப்பிள்ள?"

பண்ணினாலும் பிரயோசனம் இல்லை என்கிறார் என்று சூப்பர்வைசர் எடுத்துக்கொண்டார். மாமனாரின் சட்டைப்பை அன்றும் ஈரமாக இருந்தது. வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் மட்டும் வேர்க்குமோ என்னவோ.

மூன்றாம் நாள் காலையில் மூன்று நத்தைகள். மூன்று வாங்கினார்.

இந்த முறை கடைப் பெண்மணி, ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து ஒரு துண்டு போடுங்கள் என்றார். ஒரு துண்டு என்பது சூப்பர்வைசரின் காதில் ஏறவில்லை. சலவையில் எதையும் ஒரு துண்டு போடுவதில்லை, அள்ளித்தான் போடுவது. பன்னிரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றி இருவருக்கும் ஆம்லெட் போட்டார். ஓடுகளை மிக்ஸியில் மாவாக அரைத்துக் கொட்டினார். தொட்டி பால் நிறமானது. மேலாளர் மேலே வந்து வாயைப் பிளந்தது. குமாஸ்தா இருக்குமிடமே தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் கால்வாசி கால்வாசியாகத் தண்ணீர் மாற்றியே அவருக்கு இடுப்பு விட்டுப்போனது.

"மாமா, ஆம்லெட் இன்னொண்ணு?"

"நாலாச்சு மாப்பிள்ள" என்றார் மாமனார் மெதுவாக. "முட்டை எதுக்கு இவ்ளோ?"

"நத்தைக்கு நல்லது."

மாமனாரின் முகம் சுருங்கியது. "நத்தைக்கு நல்லதா" என்று திருப்பிச் சொன்னார். தட்டை நகர்த்திவைத்தார்.

தண்ணீர் தெளிந்ததும் செத்தவற்றின் ஓட்டையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் தீர்மானித்தார். சலவைக்கூடத்தில் துணியில் கறை பார்க்க ஒரு விளக்கு உண்டு. அதன் அடியில் வைத்தால் துவைத்து மறைந்த கறைகூடத் தெரிந்துவிடும். அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டிக்கு நேர் மேலே மாட்டி, விடியற்காலையிலேயே போட்டுவிட்டார். கூடம் முழுக்கப் பட்டப்பகலாக இருந்தது. ஓடு ஒன்றும் அகப்படவில்லை. நத்தைதான் இரண்டாகக் குறைந்திருந்தது.

நான்கு வாங்கினார். மறுநாளும் இரண்டே இருக்க, மறுபடியும் நான்கு.

"என்ன சார், தினமும் வர்றீங்க?" என்றார் கடைப் பெண்மணி. "இப்பிடி ஒரு நத்தைச் சாவ நான் பாத்ததே இல்ல. மீன் ரெண்டும் நல்லா இருக்கா?"

"ஜம்முன்னு இருக்கு. கொஞ்சம் குண்டாகூட ஆயிருக்கு."

"அப்ப தண்ணி நல்ல தண்ணிதான் சார். தண்ணி கெட்டா மொதல்ல மீனு காட்டிக் குடுத்துடும்."

அன்று மனைவி தொலைபேசியில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள்.

"நத்தை எத்தனை இருக்கு?"

"ஆறு" என்றார்கள் இருவரும், ஒரே குரலில், தேவைக்கு மேல் சத்தமாக.

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "பரவாயில்லையே, சேந்து பதில் சொல்ற அளவுக்குப் பழகிட்டீங்க. நான் ஊர்ல இல்லாததே நல்லதா போச்சு."

போனை வைத்தபின்னும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ள" என்றார் மாமனார். "அவ வர்றதுக்குள்ள சரியாயிடுமா?"

"எப்பிடியாவது சரி பண்ணிடறேன் மாமா. என் பொறுப்பு" என்றார் சூப்பர்வைசர்.

ஆறுதலாகத்தான் சொன்னார். மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

சலவைக்கூடத்தில் ஒருவரிடம் மட்டும் சூப்பர்வைசர் மனம்விட்டுப் பேசுவார். அவர் மூத்த இஸ்திரிக்காரர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, நீராவிக்கு நடுவிலிருந்து அவர் யோசனை சொன்னார்.

"எது சாகுதுன்னு உங்களுக்குத் தெரியல, அதான் பிரச்சனை. பழசு சாகுதா, புதுசு சாகுதா? விரிப்புக்குப் போடற மாதிரி நம்பர் போட்டுடுங்க."

"நத்தைக்கா?"

"ஏன், நம்ம மை எரநூறு தடவ தொவச்சாலும் போகாது. நத்தைய யாரு தொவைக்கப் போறா?"

இது சூப்பர்வைசருக்கு எப்படித் தோன்றாமல் போனதோ! எட்டாம் நாள் காலையில் கண்ணில் பட்ட இரண்டு பழைய நத்தைகளையும், அன்று வாங்கிய நான்கையும் வரிசையாக ஈரத் துணியில் வைத்தார். ஓட்டைத் துடைத்து, ஊசி முனைப் பேனாவால் ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதினார். மை காயும்வரை வாயால் ஊதினார். ஐந்தாம் எண் நடுவில் நடக்க ஆரம்பித்ததால் கொஞ்சம் கோணலாகிவிட்டது. எல்லாவற்றையும் தொட்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனபோது, இத்தனை நாளில் முதல்முறையாகக் காரியம் தன் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரவு வீடு திரும்பியபோது மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எண் போட்டிருக்கீங்க" என்றார்.

"ஆமா மாமா. ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும்."

"ஆறுக்கு மட்டும்."

"ஆறுதானே மாமா இருக்கணும்."

"ஆமா. ஆறுதான் இருக்கணும்." தலையை மெல்ல ஆட்டினார். "புரிஞ்சுதுங்க மாப்பிள்ள. நீங்க வாயால ஒரு வார்த்த சொல்லல, அது உங்க நல்ல மனசு. ஆனா எனக்குப் புரிஞ்சுது."

"என்ன மாமா புரிஞ்சுது?"

"அவ வந்ததும் நான் கிளம்பறேன். தொட்டியையும் எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கு எதுக்கு வீண் தொல்ல."

சூப்பர்வைசர் பதறிப்போனார். "மாமா, தப்பு எல்லாம் என்னோடது. நான்தான் அன்னிக்குத் தண்ணிய..."

"உங்கமேல என்ன தப்பு? நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. எல்லாம் அந்த நத்தைங்க பண்ற வேல" என்றார் மாமனார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுக்கும் சத்தம். சூப்பர்வைசர் கூடத்தில் நின்றபடியே இரண்டையும் கேட்டார். உள்ளே போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து, 'போகாதீங்க மாமா' என்று சொல்லியிருக்கலாம். நத்தையைக் கொன்ற கை என்ற எண்ணம் வந்து தடுத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் விளக்கைப் போட்டார், டார்ச் அடித்தார். மூன்றாம் எண் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு காலி. கோணல் ஐந்துகூடப் போய்விட்டது. அதற்காகத்தான் அவருக்கு அதிகம் மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை வண்டிக்கு மனைவி வந்துவிடுவாள். கடைக்கு ஓடினார்.

"அஞ்சு வேணும்."

கடைப் பெண்மணி நத்தைத் தொட்டிக்குள் வலையை விட்டுத் துழாவினார். "நாலுதான் சார் இருக்கு. இன்னொண்ணு சாயந்தரம் வாங்க, சரக்கு வந்துடும்."

நான்கையும் கொண்டுபோய் விட்டார். எண் போட நேரமில்லை, மனமும் இல்லை. சலவைக்கூடத்தில் அன்று முழுக்கத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். சாயங்காலம் ஒன்று வாங்கிவிட்டால் ஆறு ஆகிவிடும். நாளை காலையில் கண்ணெதிரே ஆறு இருந்தால், அந்த ஆறைக் காட்டி, மாமா, இதோ பாருங்கள், எல்லாம் இருக்கிறது, நீங்களும் இருங்கள் என்று கேட்டுவிடலாம். கெஞ்ச வேண்டும் என்றால் கெஞ்சவும் செய்யலாம். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாத மனிதர் அதற்கான வார்த்தைகளைச் சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரிக்காரரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"'நீங்களும் இருங்க'ன்னு முடிக்கறது நல்லாருக்கு" என்றார் இஸ்திரிக்காரர். "நத்தைய மொதல்ல சொல்லாதீங்க."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக இரண்டு மணி நேரம் முன்னதாகவே வேலையிலிருந்து புறப்பட்டார். கடைக்குப் போனபோது மணி ஆறு தாண்டியிருந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கடைப் பெண்மணி இன்னும் விளக்கு போடவில்லை. பக்கத்துத் தொட்டிகளில் பகலெல்லாம் கண்ணில் படாத நத்தைகள் ஒவ்வொன்றாகக் கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்து கண்ணாடியில் ஏறத் தொடங்கின. அவர் அவற்றைப் பார்த்தார். அவை வேறு ஜாதி நத்தைகள், அளவும் பெரிசு. தன் பிரச்சினைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாயங்காலத்தில் எதையும் எண்ணுகிற வழக்கம்தான் அவருக்கு இல்லையே.

"சரக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார். வர்ற நேரந்தான்." பெண்மணி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. என்ன இவ்ளோ பதட்டமா இருக்கீங்க?"

"நாளைக்குக் காலைல ஆறு இருந்தாகணும். இல்லன்னா ஒருத்தர் வீட்ட விட்டே போயிடுவாரு."

"நத்தைக்காகவா?"

"நத்தைக்காகன்னு சொல்ல முடியாது" என்றார் சூப்பர்வைசர். ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்கு வந்து சேந்த மனுஷன். அவரோட பொருள நல்லபடியா பாத்துக்க எனக்குத் துப்பில்ல. அவ்வளவுதான்."

பெண்மணி அவருக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்.

"கம்பெனி வண்டி எத்தன மணிக்கு வரும்?"

"வண்டியா? இந்த நத்தைக்கு எந்தக் கம்பெனி சார் வண்டி அனுப்பும்?" என்று சிரித்தார் பெண்மணி. "தினமும் ஏழு மணி வாக்குல ஒரு பெரியவரு ஈரக் கைக்குட்டையில முடிஞ்சு, சட்டைப்பையில வெச்சு எடுத்துட்டு வருவாரு. 'மாப்பிள்ள கை பட்ட தண்ணிம்மா, ராத்திரிக்கு ராத்திரி குட்டி போட்டுப் பெருசாயிடுது, இருட்டினதும் எண்ணினா ஆறத் தாண்டி நிக்குது, ஆறுக்கு மேல ஒண்ணு பாத்தாலும் என்னையும் தொட்டியையும் வெளிய அனுப்பிடுவாங்க, யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே'ன்னு கெஞ்சிக் குடுத்துட்டுப் போவாரு. அதைத்தானே சார் நான் மறுநாள் காலைல உங்களுக்கு எடுத்துக் குடுக்கறேன்!"